ஒரு தலை குறைந்தது

டிப்போவில் அவருக்குத் தலையெண்ணி என்று பெயர். நான் ஓட்டும் பஸ்ஸின் கண்டக்டர். வழியில் சாப்பாட்டுக்கோ டீக்கோ எங்கே நிறுத்தினாலும், கிளம்பும் முன் முன்படியில் ஏறிப் பின்படி வரைக்கும் ஒவ்வொரு தலையாக எண்ணிவிட்டுத்தான் விசில் கொடுப்பார். நேரமாகிறது என்று நான் கரடியாய்க் கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒருமுறை ஒரு தலை குறைந்தது. பார்த்தால், புருஷன்காரன் பாட்டுக்குக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான், பெண்டாட்டி டீக்கடைக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருக்கிறாள். அதற்கப்புறம் நான் வாயைத் திறப்பதில்லை.

அந்தக் கணக்கில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவரும் கண்டக்டரும் அதில் சேர்த்தியில்லை. நாங்கள் இல்லாமல் வண்டி நகரப்போவதில்லை, எங்களை எதற்கு எண்ணுவது? அவருடைய ஒரே மகன் பள்ளி விடுமுறையெல்லாம் எங்கள் வண்டியில்தான் கிடப்பான். அப்பா எண்ணி முடித்ததும் அவனும் ஒரு தடவை எண்ணுவான். இரண்டும் ஒத்துப்போனால் விசில் அவனுக்கு. பிறகு வளர்ந்து, ராணுவத்தில் லாரி ஓட்டப் போனான்.

அவன் செத்த செய்தியை ஒரு அதிகாரி வந்து சொன்னார். படை பின்வாங்கும்போது சிப்பாய்களை லாரியில் ஏற்றிவந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் பத்திரமாக இறக்கியிருக்கிறான். ஒருவர் விட்டுப்போனது தெரிந்ததும், குண்டு விழுந்துகொண்டிருந்த இடத்துக்கே தனியாக வண்டியைத் திருப்பியிருக்கிறான். அவன் வண்டியில் வந்தவர்கள் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள் என்றும் அதிகாரி சொன்னார்.

பையனின் அம்மா அந்தக் கடைசிப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் பிழைத்தார்கள் என்றால், விட்டுப்போனவனும் பிழைத்திருக்கிறான். அவனைப் பார்த்தாக வேண்டும். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை அவருக்கு. பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல் செத்துப்போனவர்களின் போர்வைகள் நிறைய அவர் கையில் வந்திருக்கின்றன.

"கடைசியில என் பிள்ளை தனியா கிடந்தானா, கூட யாராச்சும் இருந்தாங்களா? அதை அவன் ஒருத்தன்தான் சொல்ல முடியும்" என்பார். சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஆள் பாதியாகிவிட்டார்.

இதற்கிடையில் நகரசபைத் தலைவர், பஸ் நிறுத்தத்துக்குப் பையனின் பெயரை வைக்கிறேன் என்று கிளம்பினார். நல்ல காரியம்தான். ஆனால் மனிதர் பேச்சை எங்களிடமே ஒத்திகை பார்த்தார். காயம்பட்டவனை ஒரு தோளில் போட்டுக்கொண்டு மறுகையால் சுட்டுக்கொண்டே ஓடினானாம். லாரியை யார் ஓட்டினார்கள் என்று கேட்டேன். என்னை ஒரு முறை முறைத்தார். தலையெண்ணி ஒன்றுதான் கேட்டார்: விட்டுப்போன அந்த ஆளை வரவழையுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் மேடைக்கு வரமாட்டோம். தலைவர் யார் யாரையோ பிடித்துச் சொல்லியனுப்பினார்.

விழாவன்று காலையில் ஒரு சிப்பாய் டிப்போவுக்கு வந்தான். வீட்டுக்குப் போகும் முன் அப்பாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்றான். நின்றிருந்த எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். நான் எழுந்தபோது தலையெண்ணி என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

சிப்பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அந்த லாரியில் வந்தவர்களில் தானும் ஒருவன் என்றான். இறங்கியதும் எல்லோரும் பள்ளத்தில் விழுந்து கிடந்தார்களாம். பையன் மட்டும் குனிந்தபடியே போய் ஒவ்வொருவர் தலையாகத் தொட்டு எண்ணியிருக்கிறான். கிளம்பும்போது ஆபீசர் சொன்ன எண்ணிக்கைக்கு ஒன்று குறைந்தது. யாரும் தடுப்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டான்.

"அவன் போனப்புறம் ஆபீசர் எண்ணினாரு. எல்லாரும் இருந்தோங்கய்யா. அவன் மட்டும்தான் இல்ல."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தலையெண்ணிக்கு உடனே விளங்கிவிட்டது. ஆபீசர் சொன்ன எண்ணிக்கையில் டிரைவரும் உண்டு. பையன் எங்கள் வழக்கப்படி தன்னை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறான்.

"தன்னை எண்ணலை" என்றார். பிறகு, "நான் கத்துக்கொடுத்தது" என்றார்.

 அங்கே ஒருவரும் இல்லை என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. யாரோ ஒருவன் தன்னை எதிர்பார்த்துக் கிடக்கிறான் என்று நம்பித்தான் நெருப்புக்குள் போனான். அது வீரம் இல்லையென்றால் வேறு எதுவும் வீரமில்லை. அதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"போன இடத்துல யாரும் இல்லையா, தம்பி?"

"யாரும் இல்லங்கய்யா. மறுநாள் போய் நாங்கதான் தூக்கிட்டு வந்தோம்."

வீடு வரைக்கும் மூவரும் நடந்தோம். அம்மா தலைவாரி, வெளுத்த சேலை கட்டி, வாசலிலேயே நின்றிருந்தார். சிப்பாயைப் பார்த்ததும் படியிறங்கி வந்தார்.

"இவர்தானா?"

சிப்பாய் வாயெடுக்கும் முன் தலையெண்ணி, "இவர்தான்" என்றார்.

சிப்பாய் திரும்பி அவரைப் பார்த்தான். அவர் கண்ணில் என்ன இருந்ததோ, சொல்ல வந்ததை விட்டுவிட்டான். அம்மா அவன் தோளைத் தொட்டார், கையைத் தொட்டார், உயிரோடு இருக்கிறானா என்று பார்ப்பதுபோல நெஞ்சில் கைவைத்தார்.

"உன்னைக் குறை சொல்ல மாட்டேன்பா. நீ நல்லா இருக்கணும். ஒண்ணு மட்டும் சொல்லு. என் பிள்ளை தனியாவா போனான்?"

சிப்பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லம்மா. நான் கூட இருந்தேன்."

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். செய்தி வந்த நாளிலிருந்து அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அழுது ஓய்ந்தபின் சிப்பாயை உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டார். தானும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மாலையில் விழா நடந்தது. தலைவர் தோளில் தூக்கினதையும் சுட்டதையும் அளந்துவிட்டார், கூட்டம் கைதட்டியது. மேடையில் அம்மா சிப்பாயின் கையை விடவேயில்லை. தலையெண்ணி அவருக்கு மறுபக்கம், தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தனியாக ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை.