பிள்ளைகள் வராத இடத்தில் ஒரு வேலை

நன்னடத்தை அலுவலர் என்றால் ஊருக்கு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுப்பவர் என்று என் மாமியார் கடைசிவரை நம்பினார். உண்மையில், நிபந்தனையோடு சிறையிலிருந்து வெளியே வருபவர்களைக் கண்காணிப்பதுதான் எங்கள் வேலை. திருத்தணி என் பொறுப்பில் இருந்தபோது வந்தவர் முனிரத்தினம். குழந்தைக் கடத்தல் வழக்கில் நெடுங்காலம் சிறையில் இருந்துவிட்டு முன்விடுதலை பெற்றவர். பிள்ளைகள் புழங்கும் இடத்தில் அவர் வேலை செய்யக் கூடாது. எந்த வேலைக்குப் போனாலும் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும். மீறினால் மறுபடி சிறைக்குப் போக நேரலாம்.

கே.ஜி.கண்டிகையில் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். அக்கா கணவர் சுப்பிரமணி, மச்சானுக்கு வேலை பிடித்துக் கொடுத்தே தீருவது என்று இறங்கிவிட்டார். முதலில் மலையடிவாரத்தில் பொம்மைக் கடை என்றார்.

“அங்க புள்ளைங்க வருமேங்க?”

“வரும் மேடம். ஆனா வாங்கறது பெரியவங்கதானே?”

அடுத்தது மாந்தோப்புக் காவல். அங்கே காவலே மாங்காய் பறிக்க வரும் பிள்ளைகளுக்குப் பயந்துதான் என்பது நான் சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. என் மேலதிகாரியிடம் புலம்பினேன்.

“புள்ளைங்க எட்டிப் பாக்காத எடம் இந்த ஊர்ல ஒண்ணுதாம்மா. நம்ம ஆபீஸ்” என்றார் அவர், சிரிக்காமல்.

பிறகு சுப்பிரமணியிடமிருந்து பேச்சே இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு காலையில் சொல்லாமல் கண்டிகைக்குப் போனேன். டீக்கடை எதிரே ஓர் ஆட்டோ. வெளியே புத்தகப் பைகள் தொங்கின, உள்ளே பிள்ளைகள். ஓட்டுநர் இருக்கையில் முனிரத்தினம்.

குறுக்கே போய் நின்று சாவியைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். டீக்கடையிலிருந்து சுப்பிரமணி ஓடிவந்தார்.

“வழக்கமா ஓட்டற டிரைவர் ஊருக்குப் பூட்டான் மேடம். ஒரு நாள்தான்.”

“ஒரே நாளா?”

“ஆங்… ஒவ்வொரு நாளா ஒரு வாரம் ஆயிடுச்சி.”

“தாத்தா ஹாரன் அடிக்க வுடுவாரு” என்று உள்ளேயிருந்து ஒரு சிறுமி முனிரத்தினத்துக்காகப் பரிந்து பேசினாள். பழைய வழக்கிலும் அந்தக் குழந்தை அழாமல், சிரித்துக்கொண்டேதான் அவரோடு போயிருந்தது.

“மாறிட்டான் மேடம்” என்றார் சுப்பிரமணி.

“மாறியிருக்கட்டும். அத புள்ளைங்கள வச்சிப் பாக்கக் கூடாதுங்க.”

முனிரத்தினம் அப்போதுதான் தலை நிமிர்ந்து அக்கா கணவரைப் பார்த்தார். “நான் வேணாம்னுதான் சொல்லிகினு இருந்தேன், பாவா.”

“எங்கிட்ட ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

வேறு ஆட்டோ பிடித்து நானே பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கினேன். வழியெல்லாம் ஒருவரும் எனக்கு முகம் கொடுக்கவில்லை. மாலையில் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் விஷயத்தைச் சொன்னேன். மேலிடத்துக்கும் எழுதினேன். கடைசி எச்சரிக்கையோடு விட்டார்கள். வாராவாரம் காவல் நிலையத்தில் கையெழுத்து என்று நிபந்தனை இறுகியது. பிறகு ஒரு மரம் அறுக்கும் பட்டறையில், முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி, வேலை வாங்கிக் கொடுத்தேன். அங்கே நிலைத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விடுதலையானவரை நம்புங்கள், தப்பில்லை. ஆனால் சொல்லாமல் போய்ப் பாருங்கள். வீட்டில் சுப்பிரமணி மாதிரி நல்ல மனுஷர் இருந்தால், இன்னும் அடிக்கடி போய்ப் பாருங்கள்.