நரம்பு செத்த கை என்றார்கள்

பிள்ளையைத் தூக்க முடியாத தாயாக ஆகிவிடுவேனோ என்று பயந்து கிடந்தவள் நான். பெயர் எஸ்தர். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி சுருட்டும் கம்பெனியில் வேலை. போன ஈஸ்டர் முடிந்த வாரம் வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக வலி தொடங்கியது. மகள் அப்போது கைக்குழந்தை. அவளைத் தூக்கக் கையை விரித்தாலே உயிர் போகும்.

"ஏட்டி, நரம்பு பிசகியிருக்கு. உருவி விட்டாச் சரியாப் போகும்" என்றார் மாமியார். வன்னியம்பட்டியில் நரம்பு தட்டுபவரிடம் கூட்டிப்போய் எண்ணெய் போட்டு உருவினார்கள். நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. மறுநாள் வீக்கம் இன்னும் அதிகமானது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "நரம்பு செத்துட்டா பொறவு கை வெளங்காது தாயி" என்றார். ஆறுதல் சொல்ல வந்த புண்ணியவதி!

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலும் அதையே சொல்லிவிடுவார்களோ என்று போகவில்லை. வேலையை விடவும் வழியில்லை. மணிக்கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதே கையால் ஊருக்கெல்லாம் கட்டுத்துணி சுருட்டினேன். ஒருநாள் பிள்ளையைத் தூக்கும்போது பிடி நழுவிவிட்டது. மெத்தையில் விழுந்ததால் அடிபடவில்லை. அதன்பின் அவளைத் தொடவே நடுங்கினேன். அவள் கையை நீட்டி அழுவாள், நான் குளியலறைக்குள் போய் அழுவேன். "ஆண்டவரே, அற்புதம் செய்யும், இல்லாவிட்டால் ஒரு வழியாவது காட்டும்" என்று ஓர் இரவு கெஞ்சினேன்.

மறுநாள் காலை என் கணவர் சாமுவேல் பைக்கைக் கம்பெனிக்கு விடாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் திருப்பினார்.

"எங்க போறீய?"

"பேசாம வா. பிள்ள ஒன்னத் தேடுதா."

அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தார். அலறிவிட்டேன்.

"நரம்பு செத்திருந்தா இப்படிக் கத்துவீங்களாம்மா? இது நரம்பே இல்ல. தசையையும் எலும்பையும் சேக்குற தசைநாண். ஒரே வேலையச் செஞ்சு செஞ்சு வீங்கியிருக்கு. உருவக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கைக்கு ஓய்வு குடுங்க."

அங்கேயே அழுதுவிட்டேன். கட்டைவிரல் அசையாதபடி ஒரு பட்டை, ஐஸ் ஒத்தடம், கொஞ்ச நாள் மாத்திரை. பிள்ளையை விரலால் கவ்வாமல் முன்கையால் அள்ளித் தூக்கப் பழக்கினார்கள். கம்பெனியிலும் சூப்பர்வைசர் வேறு வேலைக்கு மாற்றினார். வலி ஒரே நாளில் போகவில்லை, மெல்ல மெல்லத்தான் விட்டது. இன்று மகள் என் இடுப்பைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

அற்புதம் கேட்டேன். ஆண்டவர் பைக்கைத் திருப்பினார். முன்பெல்லாம் பயம் வந்தால் ஒளிப்பேன், இப்போது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். வலியை மறைத்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே, அவரை நம்பி ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு, கையை டாக்டரிடம் காட்டுங்கள்.