தகரக் கதவில் சைன் எழுபத்தைந்து

எனக்குக் கோர்வையாக எழுத வராது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லுவேன், பாதியில் மறந்தும் போவேன். மன்னிக்க வேண்டும். அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு, அதுவும் நடவு, அறுப்பு நாட்கள் போக மிச்ச நாட்களில். நூலகத்துக்கு வரும் அம்மா, வடக்குப்பட்டுப் பெண்கள் ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாகப் போடுகிறோம் என்றார்கள். மற்றவர்கள் கல்யாணம், பிரசவம் என்று எழுதுகிறார்களாம். நான் கணக்கைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு நடந்தது அதில்தான்.

என் மருமகள் தெற்கத்திப் பெண், தூத்துக்குடிப் பக்கம். செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் லைன் வேலைக்கு வந்து ஹாஸ்டலில் இருந்தவள். என் மகன் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் இருக்கிறான். ஒரே பஸ் ஸ்டாப்பில் நின்று நின்று பழக்கமாகி, இரண்டு வீட்டிலும் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்விட்டார். அவள் வந்த பிறகுதான் வீட்டில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டது. நானும் மகனும் ஒருத்தருக்கொருத்தர் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை.

அவள் டிப்ளமா படித்தவள். ஆனால் கணக்குப் பேப்பர் ஒன்று மட்டும் தேறாமல் நின்றுவிட்டது. அரியர் என்பார்கள். எத்தனையோ முறை எழுதியும் வரவில்லை. அது ஒன்றால் சர்ட்டிபிகேட் கைக்கு வரவில்லை, சர்ட்டிபிகேட் இல்லாததால் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகவே வைத்திருந்தார்கள். வந்த புதிதில் ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

"இத மட்டும் எழுதிட்டேம்னா இங்கயே பெர்மனென்ட் ஆயிருவேன் அத்தை. மேல ஒரு ரூம் போட்டு எல்லாரும் ஒண்ணா இருந்துக்கிடலாம்."

அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். நீ படிம்மா, அடுப்படிப் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டேன். சமையல், துணி, தண்ணீர் பிடிப்பது எல்லாம் நானே பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி, மருமகளை உட்கார வைத்து மாமியார் பாத்திரம் தேய்க்கிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்று என் காதுபடவே சொன்னாள். மேலே ஒரு ரூம் வரப்போகிறது என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கக் கதவு தகரம். துருப் பிடிக்காமல் இருக்க மகன் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தான். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் முகம் கழுவி, டீ குடித்துவிட்டு, சாக்பீஸோடு அந்தக் கதவின் முன்னால் போய் நிற்பாள். பேப்பரில் எழுதினால் அவளுக்கு மண்டையில் ஏறாதாம். பெரிதாக எழுதி, வாய்விட்டுச் சொல்லி, அதை ஒரு ஆள் கேட்க வேண்டுமாம். அந்த ஆள் நான்.

புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கதவில் இருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. இங்கிலீஷ் எழுத்து பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத் தெரியும். அர்த்தம் தெரியாவிட்டாலும் உருவம் தெரியும். ஒரு கோடு விட்டுப்போனால் சொல்லுவேன். உடனே ஈரத்துணியால் துடைத்து மறுபடி எழுதுவாள். "சரியா அத்தை?" என்று கேட்டு, நான் தலையாட்டின பிறகுதான் அடுத்த வரிக்குப் போவாள். வீட்டுக்கு யாராவது வந்தாலே உள்ளே போய்விடுகிறவள் நான். என் தலையாட்டலுக்கு ஒருத்தி காத்து நிற்பது எனக்குப் புதிது.

கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஒரு கோணத்தின் சைனை அதனாலேயே பெருக்கி, காஸையும் அதனாலேயே பெருக்கி, இரண்டையும் கூட்டினால் ஒன்று வரும். இதுதான் முதலில் படித்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் முப்பதைப் போட்டுக் காட்டினாள். சைன் முப்பது அரை, அரையில் அரை கால். காஸ் பக்கம் முக்கால் வந்தது. காலும் முக்காலும் ஒன்று. நாற்பத்தைந்தைப் போட்டால் இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை. கால், அரை, முக்கால் எல்லாம் எனக்குத் தெரிந்த சாமான்கள். படிக்காத எனக்கும் பளிச்சென்று புரிந்தது.

"எந்தக் கோணம் போட்டாலும் ஒன்னுதான் வருமா?" என்று கேட்டேன்.

"எதப் போட்டாலும் அத்தை. அதான் அதுக்கு முற்றொருமைன்னு பேரு. இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு மாறாது."

பிறகு கூட்டுக் கோணம் வந்தது. சைன் எழுபத்தைந்து கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். எழுபத்தைந்து என்பது நாற்பத்தைந்தும் முப்பதும்தானே, இரண்டின் சைனையும் கூட்டிவிட்டால் தீர்ந்தது என்று நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். அப்படிக் கூட்டினால் ஒன்றைத் தாண்டிவிடும், சைன் ஒருநாளும் ஒன்றைத் தாண்டாது என்றாள். பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குற மாதிரி அத்தை, இவனோட சைனுக்கு அவனோட காஸு, இவனோட காஸுக்கு அவனோட சைனு, ரெண்டையும் கூட்டணும். காஸ் வீட்டில் அப்படி இல்லையாம். காஸும் காஸும் சேரும், சைனும் சைனும் சேரும், சேர்ந்த பிறகு நடுவில் சண்டை. கோணத்தைக் கூட்டினால் நடுவில் கழித்தல் வரும், கோணத்தைக் கழித்தால் நடுவில் கூட்டல் வரும். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. இதை வைத்து இரண்டு பேரும் அன்றைக்கு ரொம்ப நேரம் சிரித்தோம். நான் அவ்வளவு சிரித்து மகன்கூடப் பார்த்ததில்லை.

பரீட்சை அன்றைக்குக் குன்றத்தூர் மலைக்கு ஏறி வருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். அவளிடமும் சொல்லியிருந்தேன். முட்டி வலிக்குமே அத்தை என்றாள். வலித்தால் வலிக்கட்டும், தேதியை மட்டும் முன்னாடியே சொல்லும்மா என்றேன்.

பொங்கலுக்கு முன்னாலோ பின்னாலோ, சரியாக நினைவில்லை, தேதி என்ன ஆயிற்று என்று கேட்டேன். தள்ளி வைத்துவிட்டார்கள் என்றாள். பிறகு கேட்டபோதும் தள்ளித்தான் வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் கதவில் ஒரே கணக்கு வர ஆரம்பித்தது. மேலே வீட்டுச் சாய்ப்பு மாதிரி இரண்டு வர்க்கமூலக் குறி, ஒன்றுக்குள் ஆறு, ஒன்றுக்குள் இரண்டு, நடுவில் கூட்டல், கீழே கோடு போட்டு நாலு. சைன் எழுபத்தைந்தின் விடை அது. முதல் நாள் கவனிக்கவில்லை. மறுநாளும் அதுவே. அதற்கடுத்த நாளும் சாய்ப்பு இரண்டும் அங்கேயே நின்றன. புத்தகமும் தானாக அந்தப் பக்கத்திலேயே விரிந்துகொண்டது. திரும்பத் திரும்பப் போட்டால்தான் மனதில் நிற்கும் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் காஸ் சூத்திரத்தில் கழித்தல் வர வேண்டிய இடத்தில் கூட்டல் போட்டிருந்தாள். புத்தகத்தில் வேற மாதிரி கீதேம்மா என்றேன். ஆமா அத்தை என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். துடைக்கவில்லை. ஒரு கோடு சாய்ந்தால்கூடத் துடைத்து எழுதுகிற பெண் அவள். அந்தக் கூட்டல் மறுநாள் வரைக்கும் கதவில் அப்படியே இருந்தது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாத மாதிரி இருந்துவிட்டேன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மாவு அரைக்கிற கடையில் ஒருநாள் நின்றுகொண்டிருந்தேன். அவளோடு லைனில் வேலை செய்கிற பெண் ஒருத்தி, எங்கள் பக்கத்துப் பெண்தான், கம்பெனி யூனிஃபார்ம் கோட்டோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நெருங்கி வந்து நின்றாள்.

"இன்னா ஆயா, அவங்க ரெண்டு பேரும் தூத்துக்குடி போறாங்களே, நீங்களும் கூடப் போறீங்களா, இல்ல வூட்டப் பாத்துக்கினு இங்கியே இருக்கப் போறீங்களா?"

பாக்கலாம்மா என்றேன். தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"உங்க மருமவ பாஸான அன்னிக்கு லைன்ல எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் குடுத்தாங்க. ஊர்ல புதுக் கம்பெனில சூப்பர்வைசர் வேலைன்னா சும்மாவா. உங்களுக்கு இன்னா வாங்கிக் குடுத்தாங்க?"

நிறைய குடுத்தாம்மா என்றேன். மாவுத் தூக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை.

அன்றைக்கும் மருமகள் வந்தாள், முகம் கழுவினாள், டீ குடித்தாள், சாக்பீஸ் எடுத்தாள். சைன், அடைப்புக்குறி, நாற்பத்தைந்து கூட்டல் முப்பது என்று எழுத ஆரம்பித்தாள். பரீட்சை எப்போ என்று கேட்டேன். திரும்பாமலே, அடுத்த மாசம் இருக்கும் அத்தை என்றாள்.

நான் புத்தகத்தின் முன்பக்கங்களுக்குத் திருப்பினேன். இடது பக்கம் ரயில் மாதிரி நீளமாக இருக்கும், வலது பக்கம் குட்டியாக ஒன்று இருக்கும், இடதைக் குறைத்துக் குறைத்து வலதாக்கிக் காட்ட வேண்டும். அந்த மாதிரிக் கணக்கு ஒன்று. ஆரம்பத்தில் அவளை அழவைத்த கணக்கு அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலைந்து நாள் போராடினாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்னிக்கு இதப் போடும்மா என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.

ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். கை நிற்காமல் எழுதிக்கொண்டே போனாள். சைன் வர்க்கத்தை எடுத்துவிட்டு ஒன்று கழித்தல் காஸ் வர்க்கம் போட்டாள், அடித்தாள், சுருக்கினாள், கீழே வந்து வலது பக்கத்தை எழுதிச் சமக்குறி போட்டுவிட்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சரியா என்றும் கேட்கவில்லை. முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது. சாக்பீஸோடு அப்படியே நின்றாள்.

"எப்பம்மா பாஸான?" என்று கேட்டேன்.

அவள் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். பரீட்சைக்குச் சொல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது என்றாள். இதற்கு முன்னால் எத்தனையோ தடவை தோற்றவள், இந்தத் தடவையும் தோற்றால் மலையேறி இறங்கின என் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயந்து, வழக்கம் போலக் கம்பெனி யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு போய் எழுதிவிட்டு வந்தாளாம். பாஸானதும் ஓடிவந்து சொல்லத்தான் நினைத்தாளாம். அதற்குள் ஊரில் வேலை இருப்பதாக அவள் அண்ணன் போன் செய்திருக்கிறான், மகனுக்கும் அங்கேயே இடம் கிடைக்கும் என்று. கொஞ்ச நாள் சொல்லாதே என்று மகன் சொல்லியிருக்கிறான்.

"அப்பறம் எதுக்கும்மா தெனமும் இந்தக் கதவாண்ட வந்து நின்ன?"

"நிப்பாட்டினா ஏன்னு கேப்பீங்கள்லா அத்தை."

பிறகு, எனக்கும் இந்த நேரம் பிடிச்சிருந்துச்சு என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம். அன்றைக்கு எனக்கு எதையும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. மடியிலிருந்த புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்தேன். எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். நான் போடுகிறேன் அத்தை என்று கூடவே வந்தாள். வேண்டாம் என்றேன்.

மகன் வந்ததும் கோபமாகத்தான் ஆரம்பித்தான். மாவுக் கடையில் சொன்னவளைத் திட்டினான். பிறகு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உன்கிட்ட சொன்னா நீ ஒன்னும் சொல்ல மாட்டம்மா, மூலையில குந்திக்கினு இருப்ப, அதப் பாத்துக்கினு நாங்க எப்டி கெளம்பறது என்றான்.

"நான் குந்திக்கினு இருப்பனா, போய்ட்டு வாடான்னு சொல்வனான்னு என்னக் கேட்டியா நீ?"

அவன் எழுந்து கை கால் கழுவப் போனான். நான் அவனுக்குச் சோறு எடுத்து வைத்தேன்.

அவர்கள் போய்விட்டார்கள். மாமியார் வீட்டுப் பக்கமே போய்விட்டானா உன் பிள்ளை என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், நல்ல வேலை, அதனால் போனான் என்றேன். வாரம் தவறாமல் போன் செய்கிறார்கள். என்னையும் வரச் சொல்கிறார்கள். பிழைக்கப் போனதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், அவளும் எத்தனையோ ஊர் தாண்டி இங்கே வந்தவள்தானே. எனக்குள் அறுத்துக்கொண்டிருப்பது வேறு. அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்த நாட்களில் எது நிஜம், எதிலிருந்து எனக்காகப் போட்ட வேஷம் என்று பிரிக்கத் தெரியவில்லை. மேல ஒரு ரூம் என்று சொன்ன நாள் நிஜமா. காஸ் வீட்டுச் சண்டைக்குச் சிரித்த நாள் நிஜமா. அவள் பாஸான அன்றைக்கும் என் எதிரில் நின்று ஏதோ ஒரு கணக்கைப் போட்டிருக்கிறாள், நானும் தலையாட்டியிருக்கிறேன். அது எந்த நாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

புத்தகத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இனி அவளுக்கு எதற்கு. எப்போதாவது பிரித்துப் பார்ப்பேன். இரண்டு இடத்தில் இருப்பது ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கத்தான் எனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் கையில் கொடுத்து இது சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கணக்கிலும் அப்படித்தான், மனுஷர்களிடமும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

அதனால் இதைப் படிக்கிறவர்களில் கணக்குப் படித்தவர்கள் யாராவது இருந்தால், நான் எழுதியிருக்கும் சைன், காஸ் விவரங்களை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். எல்லாம் அவள் வாயால் கேட்டது. பொங்கலுக்கு முன்னாலா பின்னாலா என்பதை என் மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் இதெல்லாம் வேறு மாதிரி நடந்தது என்று சொல்லக்கூடும். சொன்னால் அதையும் இதன் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.