வெறுங்கை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எட்டு வருடமாக ஓசூரில் ஒரு பல் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளாக இருக்கிறேன். ரத்தமும் எச்சிலும் பிடுங்கிப் போட்ட பல்லும் பார்த்துப் பார்த்து மனசு மரத்துப் போனவள். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால்கூட எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை நாகவேணி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். மேல்வரிசை முன்பல் இரண்டும் பாதியில் உடைந்து, உதடு கிழிந்து தொங்கியது. கூட வந்த புருஷன் சிப்காட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன், தெற்கே எங்கிருந்தோ பிழைக்க வந்தவன். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார்" என்று அவள் சார்பில் அவனே சொன்னான்.

டாக்டர் தையல் போட்டார். வாயில் சேரும் ரத்தத்தை சக்ஷன் குழாயால் நான் இழுத்துக்கொண்டிருந்தேன். முடிந்து டாக்டர் எக்ஸ்ரே பார்க்கத் திரும்பியதும், மரத்துப்போன வாயோடு அவள் என் பக்கம் சாய்ந்து தெலுங்கில் சொன்னாள்: "அக்கா, நேனு படலேது."

'நான் விழவில்லை' என்கிறாள். நான் பாகலூர்க்காரி, வீட்டில் தெலுங்குதான். அவனுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் கதவருகில் நின்று என்னையே பார்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பஞ்சை மடித்து அவள் கையில் கொடுத்து, "சூடா எதுவும் சாப்பிடாதம்மா" என்றேன். அவ்வளவுதான். டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவன் தனியாக வந்தான். குளித்துத் தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையோடு. கீழ்க் கடைவாய்ப் பல் பிளந்திருந்தது. கட்டைவிரல் சதையில் பல் பதிந்த காயம், இன்னும் ஈரமாக இருந்தது.

"பைக்ல இருந்து விழுந்துட்டேன்."

"வீட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஊருக்குப் போயிருக்கா."

ஊசி போட்டு, மரத்ததும் டாக்டர் குறடை எடுத்தார். அவர் மூக்குக்கண்ணாடியில் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் உண்டு, குனிந்துவிட்டால் வாயைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது. என் வலது கையில் சக்ஷன், இடது கையில் கன்னத்தை ஒதுக்கும் சின்னக் கண்ணாடி.

"போதும்ங்க, இவ்ளோ தொறக்க வேணாம்" என்றார் டாக்டர்.

வாய் இன்னும் திறந்தது. நம்பினால் நம்புங்கள், யாரோ பெட்டியை நெம்புவது மாதிரித் திறந்தது. உதட்டின் இரண்டு ஓரமும் கிழிந்தன. அவன் கண்கள் எனக்கு மேலே, என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துப் பிதுங்கின. காலை உதைத்தான், கருவித்தட்டு தரையில் சிதறியது, ஆனால் தலை மட்டும் ஆணி அடித்தது போல அசையவே இல்லை. தாடை டக்கென்று விட்ட சத்தம் வெளியே காத்திருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கிறது. பிறகு முன்பல் இரண்டும், கருவி எதுவும் படாமல், ஒன்றன்பின் ஒன்றாக ஒடிந்து என் குழாய்க்குள் கடகடவென்று ஓடின. நான் நகரவில்லை. ரத்தத்தை இழுத்துக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவன்மேல் இரக்கமே வரவில்லை.

"வலிப்பு! ஆம்புலன்ஸக் கூப்புடு" என்று டாக்டர் கத்தினார்.

ஆம்புலன்ஸ் அவனைக் கொண்டுபோனது. சாயங்காலம் போலீஸ் வந்தது. அவன் குடியிருந்த வீட்டுக்காரர் பூட்டை உடைத்துப் பார்த்திருக்கிறார். நாகவேணி சமையல் மேடைக்கு அடியில் கிடந்தாளாம். காலையிலேயே அடித்துக் கொன்றுவிட்டு, குளித்து, அதன் பிறகுதான் எங்களிடம் பல் பிடுங்க வந்திருக்கிறான். அன்று ராத்திரி பாகலூர் பஸ்ஸில் நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் என்னிடம் சொன்னாளே.

அவன் பிழைத்துக்கொண்டான், இப்போது ஜெயிலில் இருக்கிறான். தாடை சரியாகக் கூடவில்லை என்று கேள்வி.

நான்கு நாள் கழித்து கிளினிக்கைத் திறந்தபோது டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"பாக்யா, கோவிச்சுக்காத. வலிப்பு வந்தவன் வாய்க்குள்ள வெறுங்கைய விட்டு ரெண்டு பக்கமும் இழுக்கறியே, கிளவுஸ் எங்க? கடிச்சிருந்தான்னா வெரலே போயிருக்கும்."

என் இரண்டு கையும் எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியும். கிளவுஸும் போட்டிருந்தேன். "இனிமே பாத்துக்கறேன் சார்" என்றேன். வேறென்ன சொல்வது?

இன்றைக்கும் புதிதாக எந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்தாலும் என்னைக் காட்டித்தான் பாடம் எடுக்கிறார். "கட்டைவெரல் நகம் பிஞ்சு தொங்குது, அப்பவும் இவ விடல" என்று பாதி திட்டாகவும் பாதி பெருமையாகவும் சொல்வார். அந்தப் பெண்கள் உடனே என் விரலைத்தான் பார்க்கிறார்கள். என் நகம் எதுவும் பிய்ந்ததே இல்லை. நான் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்கிறேன்.