கோபத்துக்குக் கற்பூரம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். அப்புறம் கை உதறும். அதற்கு மேல் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று பதின்மூன்று வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்ததுகூடப் பரவாயில்லை, வீட்டில் எல்லோரும் அதையே நம்பியதுதான் வம்பாகப் போயிற்று.

ரஞ்சன்குடிக்குப் பக்கத்தில் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுகிற குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் நான் கபடி ஆடினேன். ஆள் ஒல்லிக்குச்சிதான், ஆனால் காலைப் பிடித்தால் விட மாட்டேன். நான் வயதுக்கு வந்ததும் அத்தை அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, எங்களோடுதான் இருந்தார். பொம்பளைப் பிள்ளை இனிமேலும் மண்ணில் புரளுவதா என்றார். நான் அப்பாவிடம் போய்க் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். அவர் வெங்காய மூட்டையைத் தைத்துக்கொண்டே, அத்தை சொன்னால் சரிதான் என்றார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

காது சுட்டது. அன்று வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து முடியை விரித்துப் போட்டிருந்தேன், முகமெல்லாம் மஞ்சள். தண்ணீரோடு இருந்த குடத்தைத் தூக்கி வாசலில் போட்டேன். உடம்பு நடுங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ உறுமினேன். ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம், கோயில் பக்கம் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். வேறென்ன வேண்டும்?

"ஆத்தா வந்துட்டாடா தம்பி," என்றார் அத்தை.

கண்மூடித் திறப்பதற்குள் தட்டில் கற்பூரம் எரிந்தது. யாரோ என் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை இழுத்துக்கொள்ளலாமா, கூடாதா? என்ன குறை தாயி, சொல்லு என்று அவர் தரையைப் பார்த்துக் கேட்டார்.

"புள்ளைய ஆட வுடு," என்றது என் வாய்.

அந்தக் குரல் கரகரவென்று இருந்தது. என்னை நானே ஏன் 'புள்ள' என்று சொன்னேன்? நடித்தேனா? சத்தியமாக நடிக்கவில்லை. அப்படியென்றால் வந்தது ஆத்தாளா? அதையும் சூடம் அடித்துச் சொல்ல முடியாது. இன்றுவரை எனக்கு அது பிடிபடவில்லை.

மறுநாளே ஆடப் போனேன். ஆட்டம் கிடைத்தது, கோபம்தான் என்னுடையதாக இல்லாமல் போய்விட்டது. பாவாடையைக் கன்றுக்குட்டி மென்றுவிட்டது என்று கத்தினால் அத்தை கற்பூர டப்பாவைத் தேடுவார். குழம்பு சரியில்லை என்று தட்டைத் தள்ளினால் எலுமிச்சம்பழம் வரும். பக்கத்து வீட்டுக்காரர் போர் எங்கே போட்டால் தண்ணீர் வரும் என்று என்னிடம் கேட்டார். நான் எரிச்சலில் எங்கேயோ கையைக் காட்ட, அவர் அங்கே கல் நட்டு மஞ்சள் பூசிவிட்டுப் போனார். அங்கே தண்ணீர் வராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தூக்கம் போயிற்று. கூட ஆடுகிற பிள்ளைகள்கூட என்னைப் பிடிக்கப் பயந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அரியலூரில் சனிக்கிழமை போட்டி என்று பி.டி. டீச்சர் சொன்னார். நான் அதுவரை வெளியூரில் ஆடியதே இல்லை. வீட்டில் சொன்னேன். அத்தை யோசித்துவிட்டு, ஆத்தா இறங்குகிற உடம்பை ஆளாளுக்குக் கட்டிப் பிடித்து உருட்டலாமா, தீட்டாகிவிடாதா என்றார். அப்பாவும் யோசித்தார், ஆமாம் என்றார். அடப்பாவமே! ஆத்தா சொல்லிக் கிடைத்த ஆட்டம் ஆத்தா பெயராலேயே போனது. இதற்குக் கோபப்பட்டால் கற்பூரம், அடக்கினால் அரியலூர் போச்சு. எந்தப் பக்கம் திரும்புவது?

கொல்லைப்பக்கம் போய் நின்றேன். அம்மா பின்னாலேயே வந்தார். வீட்டில் என் காலில் விழாத ஒரே ஆள் அவர்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏண்டி, வர்றது சாமியா, நீயா?"

"தெரியலம்மா."

"எனக்கும் தெரியல. வா, பருத்தி மாரு புடுங்குவோம். வெறகாச்சும் மிஞ்சும்."

பருத்தி எடுத்து முடித்த காட்டில் காய்ந்த செடிகள் நின்றன. பருத்தி மாரைப் பிடுங்குவது லேசு இல்லை. குனிந்து, அடியில் பிடித்து, மொத்த உடம்பையும் கொடுத்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு செடிக்கும் ஒருவரைத் திட்டினேன். அத்தையைத் திட்டினேன், அப்பாவைத் திட்டினேன், போர் போடுகிறவரையும் விடவில்லை. அம்மா பிடுங்கியதைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வரிசை முடிவதற்குள் உள்ளங்கை கொப்புளம் கண்டது, வாயில் திட்டும் தீர்ந்துபோனது. அப்புறம் அழுகை வந்தது. ஏன் என்று புரியாமல் வந்தது. அழுது முடித்த பிறகுதான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று பாக்கி இருப்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன், முடியை இறுக்கிப் பின்னிக்கொண்டேன். நேராக அப்பா முன்னால் போய் நின்றேன். அரியலூருக்குப் போகணும் என்று தணிவாகத்தான் ஆரம்பித்தேன். நாலு வார்த்தை பேசுவதற்குள் காது சுட்டது, குரல் ஏறியது. அத்தை எழுந்து கற்பூர டப்பாவுக்குக் கை நீட்டினார். அம்மா அதற்குள் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இருங்க அண்ணி. அவ பேசட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் வலது கை தூக்கியபடி பாதியில் நின்றது. அறைய வந்த கையா, கும்பிட வந்த கையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

"அப்பா, இது சாமி இல்ல. எனக்குத்தான் கோவம்," என்றேன். "சாமி கேட்டா கால்ல வுழுவுற. நான் கேட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குற."

கை மெல்ல இறங்கியது. அவர் மூட்டை தைக்கிற கோணி ஊசியைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார். அப்புறம் என் எதிரில் உட்கார்ந்தார்.

"சத்தம் போடாம சொல்லு."

"சத்தம் போட்டாத்தாம்ப்பா வருது."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். வெங்காயச் சருகு ஒட்டியிருந்த மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, போடு. கேக்குறேன்," என்றார்.

போட்டேன். பாதி நியாயம், பாதி அநியாயம். அவர் முழுசாகக் கேட்டார். நடுவில், இவ்வளவும் நீயாத்தான் பேசுறியா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கே பயமாக இருந்தது. சாமி பேசியது என்றால் யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. நான் பேசியது என்றால் நான்தானே பதில் சொல்லணும்?

சனிக்கிழமை அப்பாவே என்னைப் பெரம்பலூர் வரை கூட்டிப்போய் டீச்சரிடம் விட்டார். அத்தை எதற்கும் இருக்கட்டும் என்று திருநீற்றுப் பொட்டலம் ஒன்றைப் பையில் வைத்திருந்தார். அரியலூரில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் காது சுடச்சுட அந்த நடுவரை மனதாரத் திட்டினேன். பக்கத்தில் இருந்த எங்கள் அணிக்காரி, சும்மா இருடி, தூக்கம் வருது என்று முதுகில் ஒன்று வைத்தாள். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.