சைரன் கேட்டு ஓடிவந்தவர்

இரணைமடுப் பக்கம் நெற்களஞ்சியம் ஒன்றில் புகை உணர்கருவி பூட்டப் போயிருந்தேன். வீட்டில் போலவே வேலையிலும் நான் தனியாள். புகை பட்டதும் சைரன் ஒலிக்கும்படி ரிலே சுவிட்சில் வயர்களை இணைத்துவிட்டு, ஏணியில் ஏறி ஊதுபத்தியைக் காட்டினேன். சைரன் அலறியது. சோதனைக்கு முன் அயலுக்குச் சொல்வது வழக்கம். சுற்றிலும் வயல்தானே என்று விட்டிருந்தேன்.

வரம்பால் ஒரு பெண் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்.

“உள்ளுக்கு ஆரும் நிக்கினமோ?”

“ஒருத்தரும் இல்லை அக்கா. சும்மா சோதிச்சுப் பார்த்தனான். நான் மட்டும்தான்.”

மூச்சிரைக்க என்னைப் பார்த்தார். “அப்ப நீங்கள் ஆளில்லையோ?”

ஏணியிலிருந்து இறங்கினேன். வாளியில் மிஞ்சிய தண்ணீரில் முகம் கழுவச் சொன்னார்.

இப்போதெல்லாம் அயலுக்குச் சொல்லிவிட்டுத்தான் சோதிக்கிறேன். ஆனாலும் சைரன் ஒலித்ததும் என் கண் வாசலுக்குப் போகிறது.