நேர்ந்த கோழிக்கு நான் கேட்ட ஏலம்

அந்த அறுப்புப் பண்டிகை ஆராதனைக்கு வந்திருந்தவர்கள் எங்கள் சபைப் போதகரான ஐயர், அவருக்குத் துணையான உபதேசியார், நூல் மில்லில் என்னோடு வேலை செய்த மூன்று குடும்பத்தார், சோளக்காட்டுக் கூலிக்குப் போகும் இரண்டு வீட்டார், பெரியநாயக்கன்பாளையத்துக் கடைக்காரர், நான், என் மனைவி, எங்கள் மகள். மகள் விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தவள். அவள் பிழைத்தால் முட்டையிடும் கோழியைக் காணிக்கையாகக் கொடுத்து, சபை நடுவே எழுந்து ஸ்தோத்திரம் சொல்வதாகப் பொருத்தனை செய்திருந்தேன்.

கோழியின் காலைக் கட்டி, பீடத்துக்கு முன்னால் மற்றவர்கள் காணிக்கையாக வைத்திருந்த பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதோடு என் நிம்மதி போயிற்று. கட்டு இறுக்கமோ? அவிழ்ந்துகொண்டு பீடத்தில் ஏறிவிடுமோ? ஆராதனைக்குப் பிறகு காணிக்கைகளை ஏலம் விடும்போது அற்ப விலைக்குப் போய்விடுமோ? எல்லாரும் கண்மூடி ஜெபித்தார்கள். நான் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க, கோழியக் கும்புடவா வந்தீங்க?” என்று மனைவி முழங்கையால் இடித்தாள்.

அதற்குள் ஐயர் என்னைச் சாட்சி சொல்ல அழைத்துவிட்டார். நாலாவதோடு பள்ளிக்கூடம் விட்டவன். நாலு பேர் முன்னால் நின்றால் நினைத்த பேச்சு வராது. எழுந்தேன். “நல்ல கோழிங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை வெக்குமுங்க” என்றேன். சிரிப்பு எழுந்தது. ஸ்தோத்திரம் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் ஏலம். உபதேசியார் கோழியைத் தூக்கிப் பிடித்தார்.

“ரெண்டணா” என்றார் கடைக்காரர்.

என் மகள் உயிருக்காக நேர்ந்தது இரண்டணாவா? “நாலணா!” என்று கத்திவிட்டேன்.

“கொடுத்தவரே கேக்கறாருன்னா நெசமாலுமே நல்ல கோழிதானுங்க. ஆறணா.”

“பத்தணா!”

மடியில் இருந்ததே நாலணாதான். கடைக்காரர் கும்பிடு போட்டு ஒதுங்கினார். “உங்க கோழிய நீங்களே வாங்கிப்போட்டீங்களே!”

மனைவி மெதுவாகச் சொன்னாள்: “கோழிக்குத்தானுங்க வெல கேக்கறாங்க. புள்ளைக்கா கேக்கறாங்க?”

அவள் இடுப்பிலிருந்த மகள் கோழியின் இறகைப் பிடிக்கக் கையை நீட்டினாள். காய்ச்சலில் ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடிக்க முடியாமல் கிடந்த கை. அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

“புள்ள பொழச்சுட்டாளுங்க. ஆண்டவருக்கு ஸ்தோத்திரமுங்க.”

கூட்டம் முழுவதும் “ஸ்தோத்திரம்” என்றது. கோழி ஆண்டவருக்கே இருக்கட்டும் என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். அவர் மறுபடி ஏலம் விட்டார். யார் எடுத்தார்கள், என்ன விலைக்குப் போயிற்று என்று நான் கவனிக்கவில்லை. மகளை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டிருந்தேன். நான் கேட்ட விலை கேட்டதுதானே. நாலணாவைக் காணிக்கைத் தட்டில் வைத்தேன். சம்பளம் வந்ததும் கட்டவேண்டிய பாக்கி ஆறணா.